கதிரையும் கழுத்தும்

உழைப்பு மனித உடலில் தன் முத்திரையைப் பதிக்காது விடுவதில்லை. 1867ஆம் ஆண்டில் கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை சுமந்த பெண்களின் கழுத்துகள் இதற்குச் சான்று. அப்பெண்களின் வழிவந்தோர் சிலர் இன்று பேராதனையிற் பட்டம் பயில்கின்றனர். அவர்கள் கூடை சுமப்பதில்லை. எனினும் கழுத்து நோவு அவர்களையும் விட்டபாடில்லை.

இது புதிய நோயன்று. எழுதுவினைஞரின் நோய்களுக்கு இத்தாலிய மருத்துவர் ரமசினி 1713இல் மூன்று காரணங்கள் கூறினார்: இடையறாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் ஓயாது இயக்குதல், மனத்தின் அழுத்தம். இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்துள்ளது, காரணங்கள் மாறவில்லை.

மடிக்கணினியின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. திரையும் விசைப்பலகையும் ஒன்றாய் இணைந்திருப்பதால், கைக்கு வாய்ப்பாக வைத்தாற் கழுத்துக் குனிகின்றது. கண்ணுக்கு வாய்ப்பாக உயர்த்தினால் தோள் தூக்கி நிற்கின்றது. ஹந்தானைக் குளிருக்குப் போர்வையுள் ஒடுங்கி, கட்டிலில் தலையணைமேற் கணினியை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவிக்குக் கழுத்தும் மணிக்கட்டும் ஒருங்கே வளைகின்றன. மணிக்கட்டு நெடுநேரம் வளைந்திருப்பின் அதனூடு செல்லும் நரம்பு நெரிபடக்கூடும். அவ்வாறாயின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் விறைக்கும். அதனைச் சோர்வென்று எண்ணி மறைத்தல் தகாது. விறைப்பு நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

விலையுயர்ந்த கதிரைகளைக் கண்டு, உடலுக்கேற்ற இருக்கை வசதி படைத்தோர்க்கே உரியது என எண்ணுவோர் உளர். அது பிழை. இங்கு வேண்டுவது பணத்தினும் அளவறிவே. பழைய நூல்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு கணினியை உயர்த்தலாம். அப்போது தனி விசைப்பலகையும் சுட்டியும் தேவைப்படும். காசு கொடுத்து வாங்கவேண்டியவை இவை மாத்திரமே. முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்திலும், மணிக்கட்டு நேராகவும், திரை ஒரு கைநீளத் தொலைவிலும் இருத்தல் நன்று. சுருட்டிய துவாய் இடுப்பின் வளைவைத் தாங்கும். பாதம் நிலத்திற் படாவிடின் இரு செங்கற்கள் போதும். ஆயினும் எத்துணைச் சிறந்த இருக்கையும் அசைவுக்கு ஈடாகாது. அரைமணிக்கொருமுறை எழுந்து, யன்னலூடாகத் தொலைவிலுள்ள மலையைச் சிறிது நேரம் நோக்குதல் முதுகுக்கும் கண்ணுக்கும் ஒருசேர மருந்தாகும்.

தனியாள் முயற்சி மாத்திரம் போதாது. நூலகத்திலும் விடுதியிலும் மேசை கதிரைகளை மாணவரின் உடலளவு நோக்கி அமைத்தல் நிறுவனங்களின் கடமை. கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தன் கூடையின் அமைப்பைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. மேசையை மாற்றும் உரிமையுடைய மாணவர் அதனைப் பயன்படுத்துவதோடு, அவ்வறிவை அக்கூடையிடத்தும் கொண்டுசெல்வாராயின், அதுவே கல்வியின் பயனாகும்.