ஒரே வரியில் ஒரு வாழ்க்கை

முதல் வரியில் பாரிஸ் ஸான் ஜெர்மேன். அதைக்கொண்டு யாரையும் ஊகித்துவிட முடியாது. அடுத்தது ஆர்செனல், அதற்கடுத்தது ரியல் மாட்ரிட், பிறகு மறுபடியும் பாரிஸ், அப்புறம் இரவலாக ஆடியதைக் காட்டும் லோன் என்ற குறிப்போடு லிவர்பூல், பின்னர் மான்செஸ்டர் சிட்டி, துருக்கியின் ஃபெனர்பாச்சே என்று ஒவ்வொரு வரியாகத் திறந்துகொண்டே வந்து, இங்கிலாந்தின் வடபுறத்துப் போல்ட்டன் தோன்றும் க்ஷணத்தில், நெஞ்சின் எந்த மூலையிலோ உறங்கிக் கிடந்த நிக்கோலா அனெல்கா என்ற நாமம் தானாகவே எழுந்து வந்து நிற்கிறது. மிச்சமுள்ள வரிகள் திறக்குமுன்பே நாம் சொல்லிவிடலாம்: செல்ஸி, ஷாங்காய், யுவெண்டஸ், வெஸ்ட் பிராம், கடைசியில் 2014-இல் நம் மும்பை. கிளப்புகளின் வரிசையை மாத்திரம் காட்டி, ஆட்டக்காரர் யார் என்று வினவும் இந்தக் காற்பந்துப் புதிரை நாள்தோறும் விடுவிப்பது, எனக்கு நித்திய கர்மங்களில் ஒன்றாகிவிட்டது.

நாளொன்றுக்கு ஒரே கேள்வி, உலகத்தார் அனைவருக்கும் அதே கேள்வி, அடுத்ததற்கு மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற நியமங்களெல்லாம், 2021-இல் வெளிவந்து பிரசித்தி பெற்ற வேர்டில் என்னும் சொற்புதிரின் வழியில் வந்தவை. பழைய ஆட்டமொன்றின் பதினொருவரையும் சொல்லச் செய்யும் புதிர் உண்டு; மங்கலாக்கிய புகைப்படத்தைக் காட்டி ஆளை இனங்காணச் சொல்லும் புதிர் உண்டு. அவற்றையும் நான் ஒதுக்குவதில்லை. ஆயினும் கிளப் வரிசையிடம் எனக்குள்ள பக்ஷம் வேறு எதனிடமும் இல்லை. ஏனெனில், ஜகப் பிரசித்தி பெற்ற வீரர்களுக்கு அங்கே அதிக வேலை கிடையாது; ஒரு பருவத்தில் நன்றாக ஆடி, அடுத்த பருவத்தில் நம் கவனத்தைவிட்டு நழுவிப்போன ஒரு சாமானியத் தற்காப்பு ஆட்டக்காரரின் பெயர், நாம் பத்திரப்படுத்தியதாக நினைத்தே இராத பெயர், அந்த வரிசையினால் நாவுக்கு வந்துசேரும்போது உண்டாகும் ஆனந்தம் அலாதியானது.

இவ்வரிசைகளை அவசரமின்றிப் படிக்கப் பழகியவனுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஜீவிய சரித்திரம் தென்படும். இடப்புறம் ஆண்டுகள், நடுவில் கிளப்பின் பெயர், வலப்புறம் ஆடிய ஆட்டங்களும் அடைப்புக்குறிக்குள் அடித்த கோல்களும்; அவ்வளவே. பெரிய கிளப் ஒன்றில் பதினேழு வயதில் சேர்ந்த பையனுக்கு அங்கே ஆட்டம் பூஜ்யம்; அடுத்தாற்போல் மூன்று சிறு ஊர்களுக்கு லோன். ஒரு பருவத்தில் முப்பத்தைந்து ஆட்டங்கள் ஆடியவர் மறு பருவத்தில் நான்கே ஆடியிருந்தால், முழங்காலில் பட்ட அடியும், ஆஸ்பத்திரியும், ஒப்பந்தம் நீடிக்குமோ என்ற கவலையும் அந்த நான்கு என்ற இலக்கத்துக்குப் பின்னால் நிற்பதை எண்ணாமல் இருக்க இயலவில்லை. பணத்தாசையால் ஊர் ஊராக அலைகிறார்கள் என்று ஆட்டக்காரர்களை நிந்திப்பது ரசிகர்களிடையே சகஜம்; அந்த நிந்தனைக்கு என் சம்மதம் கிடையாது. மானேஜர் மாறினால் அணியில் இடம் போயிற்று. கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறைந்தது. உடனே பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பாஷை தெரியாத தேசத்துக்குப் புறப்பட வேண்டியதுதான். அனெல்காக்கள் சிலரே, பெரும்பாலோர் ஜீவனத்தின் பொருட்டே சஞ்சரிக்கிறார்கள்.

இருந்தபோதிலும், ஊர் மாறாதவர்களிடமே என் மனம் போய் நிலைகொள்கிறது. இத்தாலியின் மால்தீனி குடும்பத்தில் பாட்டனார், தகப்பனார், மகன் ஆகிய மூவரின் வரிசைகளையும், மூன்று ஜாதகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்ததுபோல் வைத்துப் பாருங்கள். பாட்டனார் செஸாரே, திரியெஸ்தீனாவில் ஆரம்பித்து, மிலானில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி, தோரினோவில் ஒரு பருவத்தோடு ஓய்ந்தார்: மூன்று வரிகள். பேரன் தானியேல், மிலானில் தொடங்கி, ஸ்பெத்ஸியா, எம்போலி, மோன்ஸா, அதலாந்தா என்று இருபத்து நான்கு வயது நிறைவதற்குள்ளாகவே ஐந்து கிளப்புகளைக் கண்டுவிட்டார். இவ்விருவருக்கும் நடுவில் பாவ்லோ: 1985 முதல் 2009 வரை, மிலான், லீகில் மாத்திரம் 647 ஆட்டங்கள். வேறு வரி கிடையாது. 1963-இல் வெம்ப்ளி மைதானத்தில் மிலானின் தலைவராக நின்று ஐரோப்பியக் கோப்பையைச் செஸாரே பெற்றுக்கொண்டார். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து மான்செஸ்டரில் அதே கிளப்பின் தலைவராக அதே கோப்பையை அவர் மகன் பாவ்லோ உயர்த்தினார். இப்பேர்ப்பட்டவரைப் பற்றி இந்த வகையில் புதிர் போடவே முடியாது. வரி திறந்தவுடன் குழந்தைகூட விடை சொல்லிவிடும். ஒரு கிளப்பின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் தன் பெயர் ஜனங்களின் வாயில் வருமாறு இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று ஆடுவதைவிட, ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெரிய கீர்த்தி உண்டென்று நான் நினைக்கவில்லை.

நம் தேசத்திலும் அத்தகையவர் ஒருவர் இருந்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, 1954 முதல் 1968 வரை மோகன் பகானைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடியவரல்லர். பின்னாளில் வங்காளக் கிரிக்கெட் அணிக்கும் தலைமை வகித்தார். அந்தத் தங்க அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் இதற்கு நேர்மாறானவர். ஹைதராபாத்தில் பிறந்து, சேனையில் சேர்ந்து, குன்னூருக்கு அருகேயுள்ள வெலிங்டனின் மதராஸ் ரெஜிமென்ட் அணிக்காக 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்று, அதன்பின் கல்கத்தாவுக்குச் சென்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பரஸ்பரம் ஜன்மப் பகை பாராட்டும் மூன்று கிளப்புகளுக்கும் கோல் காத்தவர். மெல்பர்ன், ரோம் ஒலிம்பிக்குகளிலும் ஆடியவர். புதிர் போடுவதற்கு இதைவிடச் சிறந்த வரிசை எங்கே கிடைக்கும்? ஆனால் நான் விடுவிக்கும் புதிர்களில் சுனியும் வருவதில்லை, தங்கராஜும் வருவதில்லை. இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனில் ஆறு மாதம் ஆடியவர்கள் வருகிறார்கள்.

நம்முடைய ஆட்டக்காரர்களுக்கென்று இப்படியொரு தினப் புதிரை ஆக்கித் தரும் திறமை படைத்த இளைஞர்கள் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் நிரம்ப இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் முன்வருவாராயின், முதல் நாள் கேள்வியாகத் தங்கராஜை வைத்து, வெலிங்டன் என்ற வரியை முதலில் திறக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.