கடைசிப் பக்கத்தை எழுதத் தெரிந்தவர்

தீர்ப்பு ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவேன். என்னிடம் வரும் ஜூனியர்களையும் அப்படியே பழக்கி வைத்திருக்கிறேன். "சார், என்ன ஆச்சு?" என்று வராந்தாவில் நிற்கும் கட்சிக்காரருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். யார், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்கெல்லாம் அங்கே பதில் இல்லையென்றால், முன்னே இருக்கும் அறுபது பக்கச் சட்ட ஞானமும் நகல் எடுத்த செலவோடு சரி.

இந்தக் கண்ணோடு படித்ததில் எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். அவருடைய அலங்கார ஆங்கிலத்துக்காகவும், ஏழைகள் பக்கம் நின்றதற்காகவும் அவரைக் கொண்டாடுகிறவர்கள் ஏராளம். அவர் உத்தரவு போட்ட விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அவர் முதலில் ஒரு மொபசல் வக்கீல். நீதிபதியான பிறகும் அந்த வக்கீல் அவருக்குள் ஓய்வெடுத்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் என் கட்சி.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அப்பா ராமய்யரும் வக்கீல். சென்னையில் சட்டம் படித்துவிட்டு 1938இல் மலபாரின் தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார் கிருஷ்ணய்யர். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சொல்லி 1948இல் அவரையே பிடித்து ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். சிறைக் கதவின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற இருக்கையில் அமர்ந்தது நம் அதிர்ஷ்டம். 1952இல் கூத்துபரம்பாவிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம் என்று பல துறைகள். 1959இல் அரசு கலைக்கப்பட்டதும் மறுபடி கறுப்புக் கோட்டு. 1968இல் கேரள உயர் நீதிமன்றம், பிறகு சட்ட ஆணையம், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். அரசியல்வாதியை நீதிபதி ஆக்குவதா என்று பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் அறிக்கை விட்டார்கள். அதில் முன்னின்ற சோலி சோராப்ஜி தாம் நினைத்தது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். (கிருஷ்ணய்யருடைய தம்பி வி.ஆர்.லட்சுமிநாராயணன் நம் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்தவர். 1977இல் சிபிஐ அதிகாரியாக இந்திரா காந்தியைக் கைது செய்தவரும் அவரே. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் அந்த அம்மையாரின் வரலாற்றில் இடம்பிடித்துக்கொண்டார்கள்!)

கடைசிப் பக்கத்துக்கு வருவோம். எங்கள் தொழிலில் தினமும் கைபடும் வழக்கு மோத்தி ராம், 1978. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. பிணை விவரத்தை மாஜிஸ்திரேட்டிடம் விட்டார்கள். அவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். கொத்தனாரின் அண்ணன் தம்பியில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தபோது, ஆளும் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கின்றன, ஆகவே செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட கதவு கீழே ஒரு மேஜையில் சாத்தப்பட்டது.

ஜாமீன் உத்தரவு கிடைப்பது பாதி வேலைதான் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். மீதிப் பாதி ஷ்யூரிட்டி போடும் நாளில் நடக்கிறது. ஜாமீன்தாரர் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்பார். வரி ரசீது போன வருஷத்தது என்றால் திரும்பிப் போக வேண்டும். ரசீதில் அப்பா பெயர் இருந்தால் திரும்பிப் போக வேண்டும். "இதுக்கு முன்னால யாருக்காவது ஜாமீன் கொடுத்திருக்கியா?" என்று மேலிருந்து கேட்டால் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காசு உள்ளவருக்குக் கோர்ட் வாசலிலேயே ஆள் கிடைக்கும். அதை எல்லோரும் அறிவோம், யாரும் பேசுவதில்லை. காசில்லாத யோக்கியன் உள்ளேயே இருப்பான்.

கிருஷ்ணய்யர் இதை அறிந்து எழுதினார். ஜாமீன் என்ற ஏற்பாடு ஏழைக்கு எப்படி எட்டாக்கனியாகிறது என்பதைப் பல பக்கங்களுக்கு விவரித்தார். வெளி மாவட்ட ஜாமீன்தாரர் கூடாது என்பது ஒரே நாட்டுக்குள் வேலி போடும் வேலை என்றார். தென்னாட்டுத் தமிழரோ மலையாளியோ வடக்கே ஏதோ ஓர் ஊரில் கைதானால் அவருக்கு அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரர் எங்கிருந்து வருவார் என்று அவர் கேட்ட கேள்வி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. முடிவில் செய்தது ஒன்றுதான். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுதலை செய்யச் சொன்னார். இந்த முறை விவரத்தை மாஜிஸ்திரேட்டிடம் விடவில்லை. முதல் உத்தரவில் எங்கே ஓட்டை விழுந்ததோ, சரியாக அந்த இடத்தை அடைத்தார்.

இன்று அந்தக் கேள்வி திசை மாறி நம் வாசலில் நிற்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த பீகார்ப் பையன் ஒரு அடிதடி வழக்கில் மாட்டினால், "இரு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும்" என்று நம் ஊர்களில் சர்வசாதாரணமாக நிபந்தனை விழுகிறது. தாய் தகப்பன் கடன் வாங்கி ரயிலேறி வர வேண்டும். வந்தாலும் இங்கே அவர்களுக்கு ஏது வீட்டு வரி ரசீது?

ரத்லம் நகராட்சி வழக்கு, 1980. அதையும் கடைசியிலிருந்து படிக்கலாம். திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, தெருவிலேயே மலம் கழிக்க வேண்டிய நிலை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். நகராட்சியோ கஜானாவில் பணமில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. சாக்கடை கட்டப் பணமில்லாத நகராட்சிக்கு டில்லி வரை வழக்காடப் பணமிருந்தது! பணமில்லை என்பது கடமையிலிருந்து நழுவக் காரணமாகாது என்று சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. ஆலைக் கழிவு தெருவில் ஓடுவதை உடனே நிறுத்து; ஆறு மாதத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே போதுமான கழிப்பிடம் கட்டு; தண்ணீர் வசதி கொடு, காலையும் மாலையும் சுத்தம் செய்; 12ஆம் வார்டில் கொசு ஒழிக்க மலேரியா பிரிவுக்கு மாநில அரசு தனி உத்தரவு அனுப்பட்டும். உச்ச நீதிமன்றம் வார்டு எண் போட்டு உத்தரவிடுகிறது. நகராட்சி ஆபீஸ் படியேறி இறங்கி அலுத்த வக்கீலுக்குத்தான் இப்படி எழுத வரும். காலையும் மாலையும் என்று சொல்லாவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 133ஆம் பிரிவு இன்று புதிய சட்டத்தில் 152 ஆகிவிட்டது. கோட்டாட்சியர் முன் அந்த மனுவைப் போடும்போது ரத்லமின் கடைசிப் பகுதியை நகலெடுத்துச் சேர்ப்பது என் வழக்கம்.

கடன்காரரைச் சிறைக்கு அனுப்பும் விவகாரத்திலும் அவர் கை பட்டது. டிக்ரி வாங்கியவர் கைதுக்கு இ.பி. போடுவது நம் கோர்ட்டுகளில் அன்றாடம். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், 1980இல், கட்ட முடியாமல் இருப்பது வேறு, கட்ட வசதியிருந்தும் ஏய்ப்பது வேறு என்று கிருஷ்ணய்யர் கோடு கிழித்தார். அதன் பலனாகத்தான் இன்றும் வசதி விசாரணை என்று ஒன்று ஒழுங்காக நடக்க வேண்டியிருக்கிறது. எத்தனை சென்ட் நிலம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாடு எத்தனை, வண்டி யார் பெயரில் என்று கூண்டில் நிற்பவரிடம் கேட்டுப் பதிவு செய்யாமல் வாரண்டு போட்டால் மேலே நிற்காது.

இதையெல்லாம் வைத்து அவர் எல்லோருக்கும் இளகியவர் என்று நினைத்துவிடக் கூடாது. சிவில் வக்கீல்கள் அடிக்கடி எடுத்து வீசும் அரிவந்தந்தம் வழக்கு, 1977, அவருடையதுதான். பெங்களூரில் காலி செய்யும் உத்தரவு உயர் நீதிமன்றம் வரை உறுதியாகி, அவகாசமும் வாங்கிக்கொண்ட பிறகு, அந்த உத்தரவே மோசடி என்று முன்சீப் கோர்ட்டில் புதிதாக ஒரு பிராது. கட்டளை 7 விதி 11 என்ற கருவியைக் கையில் எடு, சாமர்த்தியமாக வரைந்த பிராதின் உள்ளே வழக்குமூலம் நிஜமாக இருக்கிறதா என்று பார், கட்சிக்காரரை முதல் நாளே கூண்டிலேற்றிக் கேள் என்று விசாரணை நீதிபதிகளுக்குச் சொன்னார். அப்படிப்பட்ட பிராதில் கையெழுத்துப் போடும் வக்கீல்களையும் விடவில்லை. இப்போது பிடிக்காத எந்தப் பிராதுக்கும் இந்தத் தீர்ப்பைக் காட்டி நிராகரிப்பு மனு போடுவது பழக்கமாகிவிட்டது. பிரதிவாதியின் தரப்பைப் பார்க்காமல் பிராதை மட்டும் படிக்க வேண்டும் என்ற அடிப்படையை மறந்துவிட்டு அதைச் செய்கிறோம்.

1975 ஜூன் 24ஆம் தேதி உத்தரவைப் பற்றி எழுதாதவர் இல்லை; சுருக்கமாகச் சொல்கிறேன். தமது தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை கேட்டுப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். விடுமுறைக் கால நீதிபதியாகத் தனியே உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர். ஒரு பக்கம் பல்கிவாலா, மறுபக்கம் சாந்தி பூஷண். பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம். உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது என்றார். தேர்தல் மேல்முறையீடுகளில் சாதாரண உறுப்பினருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அதே வார்ப்பு. பிரதமர் என்பதற்காக உறுப்பினருக்கான நிபந்தனை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. முழுத் தடை கொடுத்திருக்கலாம் என்று சிலரும், கொடுத்ததே தப்பு என்று சிலரும் இன்றும் சொல்கிறார்கள். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அந்த உத்தரவில் குறை தெரியவில்லை.

குறை வேறு இடங்களில் உண்டு. அவருடைய ஆங்கிலம் முன்சீப் கோர்ட்டுக்கு ஆகாது. சொந்தமாக வார்த்தை உண்டாக்குவார்; ஒரு வாக்கியத்துக்குள் மூன்று உவமை நுழைப்பார்; ஜூனியர் அகராதியோடு உட்கார வேண்டும். பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 'தொழில்' என்பதற்கு அவர் விரித்த எல்லை அளவுக்கு மீறியதா என்ற சர்ச்சை ஓயாமல், 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மரண தண்டனையைச் சுருக்க 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அவர் வைத்த அளவுகோல் மறு ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஏற்கப்படாமல் போனது.

ஆனால் சிறை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி எழுதிய கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் என்ன சொன்னார்? குறைகேட்புப் பெட்டி வை. மாவட்ட மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் திறந்து பார்க்கட்டும். வக்கீல்கள் உள்ளே போய்க் கைதிகளைப் பார்க்க வழி செய். கைதிகளின் உரிமைகளைச் சொல்லும் கையேட்டை இந்தியில் தயாரித்துக் கொடு. இலவச சட்ட உதவிக் குழுவின் தலைவராக 1973இல் அவர் கொடுத்த அறிக்கையின் வழியில் வந்ததுதான் 1987ஆம் ஆண்டுச் சட்டமும், இன்று நம் தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவும்.

இதைப் படிக்கும் இளம் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாமீன் கொடுத்து ஒரு மாதத்துக்குள் பிணை செலுத்த முடியாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதைத் தவிர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் தானாகச் செய்யும் என்று காத்திருக்காதீர்கள். அந்த உத்தரவையும் மோத்தி ராமையும் சேர்த்து வைத்து நிபந்தனை மாற்ற மனு போடுங்கள். உங்கள் கிளைச் சிறையில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் யாராவது இருக்கிறார்களா என்று இந்த வாரமே சட்டப் பணிகள் குழுவில் கேட்டுப் பாருங்கள்.