வின்னிபெக்கின் உயரத்தை எங்கிருந்து அளப்பது?

கூகுள் மேப்பைத் திறந்து, கனடாவில் வின்னிபெக்னு தேடிப் பாருங்க. மனிடோபா மாகாணத்தின் தலைநகரம். ரெட், அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. ஊரைத் தாண்டி மேப்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மலையே தெரியாது. சதுரம் சதுரமாக வயல்கள்தான். இந்தப் புல்வெளிச் சமவெளிக்குத்தான் பிரெய்ரி என்று பேர்.

நான் மூன்றாம் ஆண்டு சிவில். சாயில் மெக்கானிக்ஸ் பாடத்தில் "டிரான்ஸ்கோனா" என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. அது எந்த ஊர் என்று தேடப் போய்த்தான் வின்னிபெக்கில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து அந்த ஊரின் உயரமான கட்டடங்கள் வரை போய்விட்டேன். அதை உங்களிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கு. கடைசியில் சொல்றேன்.

முதலில் உயரக் கணக்கு. 1904-இல் யூனியன் பாங்க் கட்டடம் எழுந்தது. பத்தே மாடிதான். ஆனால் அன்றைக்கு அந்தச் சமவெளியில் அது பெரிய அதிசயம். இன்று அது ஒரு சமையற்கலைக் கல்லூரியும் மாணவர் விடுதியுமாக இருக்கிறது. பாங்க் மேனேஜர்கள் நடந்த இடத்தில் இப்போது நம்ம வயசுப் பசங்க துணி காயப்போடுறாங்க. 1969-இல் 34 மாடி ரிச்சர்ட்சன் கட்டடம் வந்தது. தானிய வியாபாரத்தில் வளர்ந்த குடும்பம் கட்டியது, சுமார் 124 மீட்டர். 1990-இல் எதிரே வந்த 201 போர்ட்டேஜ் சில மீட்டர் வித்தியாசத்தில் அதை முந்தியது. அதற்கப்புறம் முப்பது வருஷம் அசைவே இல்லை. இந்தப் பத்தாண்டில்தான் 300 மெயின் என்ற 42 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு 140 மீட்டரைத் தொட்டு முதலிடம் பிடித்தது.

துபாய், ஷாங்காய் படங்களைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு உயரமா என்று தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனால் இந்தக் கட்டடங்கள் எதன் மேல் நிற்கின்றன என்று பார்த்தால் கதை மாறுது.

பனியுகம் முடியும் காலத்தில், இன்றைய வின்னிபெக் இருக்கும் இடம் மொத்தமும் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரிக்கு அடியில் இருந்தது. உருகும் பனிப்பாறைத் தண்ணீர் தேங்கிய ஏரி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வடிந்துபோனது. அடியில் படிந்த களிமண் மட்டும் தங்கிவிட்டது. ஊர் இவ்வளவு தட்டையாக இருப்பதற்கும் அந்த ஏரிதான் காரணம். பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் களி. அதற்கும் கீழே போனால்தான் சுண்ணாம்புப் பாறை.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்து நண்பர்களுக்கு இந்த மண்ணை விளக்கவே வேண்டாம். நம்ம கரிசலுக்கு இது தூரத்துச் சொந்தம். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வின்னிபெக் வீடுகளில் அடித்தளச் சுவர் விரிசல் விடுவதும், தரை மேலெழும்புவதும் சகஜம்.

இப்போ டிரான்ஸ்கோனாவுக்கு வருவோம். வின்னிபெக்கின் கிழக்குப் பக்கம் கனடியன் பசிபிக் ரயில்வே ஒரு தானியக் களஞ்சியம் கட்டியது. உருளை வடிவில் 65 கான்கிரீட் தொட்டிகள், உயரம் சுமார் 31 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் புஷல். எல்லாமே ஒரே கான்கிரீட் பலகையின் மேல். 1913 அக்டோபர் 18-ஆம் தேதி, உள்ளே 8,75,000 புஷல் இருந்தது. கோதுமைக் கணக்கில் கிட்டத்தட்ட 24,000 டன். கட்டடம் இறங்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு அடி. அப்புறம் மெல்ல மெல்லச் சாய்ந்து, ஒரு நாளைக்குள் சுமார் 27 டிகிரி சரிந்து நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டடம் உடையவே இல்லை. கான்கிரீட் வேலை அவ்வளவு சுத்தம். ஸ்ட்ரக்சர் பாஸ், மண் ஃபெயில். கட்டுவதற்கு முன் சின்னத் தட்டு வைத்துச் சோதித்தபோது மேல் மண் நன்றாகத்தான் தாங்கியது. தட்டு சின்னது என்பதால் அழுத்தம் மேல் அடுக்கோடு நின்றுவிட்டது. ஆனால் நிஜ அடித்தளத்தின் அகலம் 23 மீட்டருக்கு மேல். அதன் பாரம் கீழே இருந்த மெத்தென்ற களிவரை போனது. அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் பெரிய விஷயம். தானியத்தைக் காலி செய்து, உயர்ந்து நின்ற பக்கத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டி, பாறைவரை தூண்கள் இறக்கி, 1914-இல் அந்தக் களஞ்சியத்தை நிமிர்த்தினார்கள். திரும்பவும் தானியம் நிரப்பினார்கள். 1950-களில் பெக், பிரையன்ட் என்ற இரு பொறியாளர்கள் அங்கே துளையிட்டு மண் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். நாம் பரீட்சையில் எழுதும் பேரிங் கெப்பாசிட்டி சூத்திரம் சொன்ன அழுத்தமும், 1913-இல் மண் கைவிட்ட அழுத்தமும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. முழு அளவுக் கட்டடம் ஒன்றை வைத்து மண் நமக்கு நடத்திக் காட்டிய லேப் எக்ஸ்பெரிமென்ட் இது.

அதே 1913-இல்தான் மனிடோபா சட்டமன்றக் கட்டட வேலையும் தொடங்கியது. உச்சியில் ஒரு கையில் தீபமும் மறு கையில் கோதுமைக் கட்டும் ஏந்திய தங்கச்சிலை. எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். ஆனால் 1915-இல் ராப்ளின் அரசு ராஜினாமா செய்ய வேண்டி வந்தது இந்தக் கட்டட ஒப்பந்த ஊழலால். அதில் முக்கியப் பங்கு அஸ்திவாரக் கான்கிரீட் கணக்குக்கு. மேலே இருக்கும் தங்கத்தை ஊரே எண்ணும். மண்ணுக்குள் போன கான்கிரீட்டை யார் எண்ணுவார்? தெரிந்தேதான் அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கட்டடம். 2009-இல் திறந்த மனிடோபா ஹைட்ரோ பிளேஸ். மின்வாரியத் தலைமையகம். குளிர்காலத்தில் மைனஸ் 30-க்கும் கீழே போய், கோடையில் 30-ஐத் தாண்டும் ஊர் அது. அங்கே சூடும் குளிர்ச்சியும் கொடுக்க, கட்டடத்துக்கு அடியில் 280 துளைகள் போட்டு நிலத்தின் வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். காற்றை வெளியே இழுக்கும் சூரியப் புகைபோக்கியோடு சேர்த்து அதன் உயரம் சுமார் 115 மீட்டர். அந்தத் துளைகளின் ஆழம் ஒவ்வொன்றும் 120 மீட்டருக்கு மேல். அதாவது மேலே போனதைவிடக் கீழே போனது அதிகம். உயரப் பட்டியலில் இந்தக் கட்டடம் முதல் மூன்று இடத்தில்கூட இல்லை. தரையிலிருந்து மேலே மட்டும் அளந்தால் அப்படித்தான் வரும்.

சரி, காரணம் சொல்றேன்னு சொன்னேன்ல. அடுத்த செமஸ்டருக்கு எங்க டிபார்ட்மென்டில் டீப் ஃபவுண்டேஷன்ஸ் எலெக்டிவ் இருக்கு. பத்துப் பேர் சேராவிட்டால் இந்த வருஷம் நடத்த மாட்டார்களாம். இதுவரை ஆறு பேர். வகுப்பில் பாதிப் பேர் ஐடி கம்பெனித் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் எஜுகேஷன் லோன் இருப்பது எனக்கும்தான் தெரியும். மீதிப் பேர், "டிசைன் எடுத்தா டவர் கட்டலாம், மண்ணுல என்னடா இருக்கு?" என்கிறார்கள். மண்ணுல என்ன இருக்குன்னு இவ்வளவு நேரம் நான் சொன்னது அவங்களுக்குத்தான்.

நம்ம ஹாஸ்டலுக்குப் பின்னால் புது பிளாக்குக்காக மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீங்க. 63.5 கிலோ சுத்தியல், 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து டொக் டொக்கென்று விழுந்துகொண்டே இருக்கும். ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து அடிகளை எண்ணி நோட்டில் எழுதுகிறார். மெஸ்ஸுக்குப் போகிற வழிதான். ரெண்டு நிமிஷம் நின்னு அவர்கிட்ட "எத்தனை மீட்டர் போயிருக்கு, என்ன மண் வருது அண்ணா?"ன்னு கேளுங்க. பதில் சுவாரஸ்யமா இருந்தா, எலெக்டிவ் ஃபார்முக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. இன்னும் நாலு பேர் வேணும்.