சாட்சிக் கையெழுத்து

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மனித உரிமைகள்: கட்டாயப் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவும்.' மூன்று நினைவூட்டல்களைத் தாண்டி, மேலாளர் டீம் குரூப்பில் என் பெயரையும் போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். மொத்தம் இருபது நிமிடம். சிரிக்கும் கார்ட்டூன் மனிதர்கள், கடைசியில் பத்துக் கேள்விகள். ஒன்பது சரி. 'பயிற்சியைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக். சான்றிதழ் பிடிஎஃப்பாக வந்து விழுந்தது.

இந்தப் பயிற்சி எதற்கு என்று தேடிப் பார்த்தேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருப்பவை 2022-23 நிதியாண்டிலிருந்து செபி விதிப்படி ஒரு பொறுப்பு அறிக்கை தர வேண்டும். அதில் ஐந்தாவது கோட்பாடு மனித உரிமை. அந்தப் பகுதியின் முதல் கேள்வியே, உங்கள் ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் மனித உரிமைப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்பதுதான். அந்தச் சதவீதத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் மனித உரிமை படித்தவர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். பெரியம்மா மகள். எனக்கு ஐந்து வயது மூத்தவள். அவள் படித்தது இரண்டு வருடம்.

செம்மண்டலத்தில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே தெரு. கடலூரில் பி.ஏ. வரலாறு முடித்த அக்கா, தபால் வழியில் முதுகலை மனித உரிமைகள் சேர்ந்தாள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதப் படிச்சா என்னா வேல குடுப்பான்?" அக்காவிடம் பதில் இல்லை. பாடப் புத்தகங்கள் பழுப்புக் கவரில் வந்தன. மாடிப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளும் எங்கள் தெருவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும் என்று நான் கிண்டல் செய்வேன்.

நான் அப்போது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. மெக்கானிக்கல். தினமும் பஸ். சிப்காட் வரும்போது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். வாடையை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லும் ஆட்கள் பஸ்ஸில் இருந்தார்கள். அதை ஒரு வேலையாகவே செய்த ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் சேர்ந்து, என்றைக்கு எத்தனை மணிக்கு என்ன வாடை என்று நோட்டில் குறித்து, காற்றைப் பையில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அக்கா எனக்கு அதைச் சொன்னபோது, "மூக்கால மோந்து பாக்குறதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்று கேட்டேன். "நேரத்தோட எழுதி வச்சா ஆதாரம்தான்டா," என்றாள்.

சிதம்பரத்தில் இறங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ராஜேந்திரன் சிலை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். நாங்கள் அந்தச் சிலையருகே நின்று டீ குடிப்போம், அரியர் கணக்குப் பேசுவோம். 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நந்தகோபால் என்பவர் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை என்பதும் அக்கா சொல்லித்தான் தெரியும். அந்தக் காவல் நிலையம் வழியாக நான்கு வருடம் போய்வந்திருக்கிறேன்.

மறு வருடம், 1993இல், எங்கள் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் கம்மாபுரம். விருத்தாசலத்தை அடுத்த ஊர். திருட்டு வழக்கில் பிடித்துப் போகப்பட்ட ராஜாக்கண்ணுவைக் காணவில்லை என்று அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வாதாடியவர் வழக்கறிஞர் கே. சந்துரு. வழக்கு முடிய 13 வருடம். 2021இல் 'ஜெய் பீம்' வந்தபோது ஊரே அழுதது. என் டீமில் ஒருவன், "இதெல்லாம் உங்க ஊர்லயா நடந்துச்சு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன், ஏதோ நானே வழக்கு நடத்திய மாதிரி.

அதே 1993இல்தான் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அந்த அக்டோபரில் அமைந்தது. தமிழ்நாட்டுக்கு 1997இல் மாநில ஆணையம். மாவட்டந்தோறும் மனித உரிமை நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது அதன் 30ஆம் பிரிவு. அக்கா இந்தச் சட்டத்தை வேறு விதமாகப் படித்திருந்தாள்: வேலைவாய்ப்பு விளம்பரம் படிப்பது போல. ஆணையத் தலைவர்? உச்ச நீதிமன்றத்திலிருந்து வருபவர். விசாரணைப் பிரிவு? போலீஸ் அதிகாரிகள். சிறப்பு அரசு வழக்கறிஞர்? ஏழு வருடத்துக்குக் குறையாமல் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். 'மனித உரிமை தொடர்பான அறிவு அல்லது நடைமுறை அனுபவம்' ஒரு தகுதியாக வருவது ஆணையங்களின் உறுப்பினர்களில் சிலருக்கு மட்டும்தான். "தேசிய ஆணையத்துல ரெண்டு போஸ்டுடா. நா அப்ளை பண்ணட்டா?" என்று சிரித்தாள். அன்று அது இரண்டு. 2019 திருத்தத்தில் மூன்றாகியிருக்கிறது.

யுஜிசி நெட் தேர்வில் 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. தேறினால் உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆனால் அந்தத் துறை இருக்கும் கல்லூரியைத் தேட வேண்டும். மதுரையில் மனித உரிமை அமைப்பு ஒன்றில் வேலைக்குக் கேட்டிருந்தாள், வரச் சொன்னார்கள். "கல்யாணத்துக்கு முன்னால மதுரையா?" என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். 2008, நான் கடைசி வருடம். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்து, எங்கள் வளாக நேர்காணலுக்கு வர வேண்டிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தேதியைத் தள்ளிக்கொண்டிருந்த மாதங்கள். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்துவந்த ஓர் அம்மா பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் மகனை நேற்று மதியம் கூட்டிப் போனார்களாம். செல்போன் திருட்டு. இன்னும் விடவில்லை, பார்க்கவும் விடவில்லை.

"நீ இதுக்குத்தான பாப்பா படிச்ச?" என்று அக்காவிடம் கேட்டார்.

பெரியப்பா கேட்ட கேள்விக்கு இல்லாத பதில் இதற்கு இருந்தது போல. அக்கா உடனே உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். "தம்பி, வண்டி எடு."

எந்தக் காவல் நிலையம் என்பது வேண்டாம். அக்கா உள்ளே போனாள், நான் வாசல் படியில் நின்றேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா நீ? வக்கீலா?"

"இல்லைங்க சார். படிச்சிருக்கேன்."

"என்னா படிச்சிருக்க?"

"மனித உரிமை."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அதுக்கெல்லாமா படிப்பு இருக்கு?"

அக்கா நோட்டைப் பார்க்காமலே கேட்டாள். எத்தனை மணிக்குக் கைது? கைதுக் குறிப்பு எங்கே? அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது யார்? 24 மணி நேரம் இன்று மதியத்தோடு முடிந்துவிட்டதே, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனீர்களா? இதெல்லாம் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட 11 கட்டளைகளில் உள்ளவை. 24 மணி நேரம் அரசியல் சாசனத்திலேயே இருப்பது, 22ஆம் பிரிவு. அன்று எனக்கு எதுவும் தெரியாது. அக்காவின் வலது கால் நடுங்குவது மட்டும் தெரிந்தது.

"கைதே பண்ணலம்மா. சும்மா விசாரணை. காலைல வாங்க."

வெளியே வந்து, தெருவிளக்குக்குக் கீழே, என் வண்டி சீட்டின்மேல் நோட்டை வைத்து மனு எழுதினாள். அந்த அம்மா கைநாட்டு வைத்தார். அடியில் 'சாட்சிகள்' என்று எழுதி, 1, 2 என்று இரண்டு கோடு போட்டாள். முதல் கோட்டில் தன் கையெழுத்து. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

"எனக்கு இன்டர்வியூ இருக்குக்கா. பாஸ்போர்ட் வேற எடுக்கணும். போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா இரண்டாவது கோட்டை அடித்துவிட்டு, 'சாட்சிகள்' என்பதில் 'கள்' மட்டும் அடித்தாள். மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டாள், தரவில்லை. அந்த நேரத்தில் பாராவில் நின்ற காவலர் என்னைப் பார்த்து, "நீ யாருடா?" என்றார். "சும்மா வண்டி ஓட்ட வந்தேன் சார்," என்றேன்.

காலையில் தந்தி அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக அக்கா நின்றாள். மூன்று தந்தி: மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, தலைமை நீதித்துறை நடுவருக்கு, சென்னையில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. தந்தி ஏன் என்று கேட்டேன். "நேரம் பதிவாகும்டா. பின்னால இவங்க இன்னைக்கு சாயங்காலம்தான் புடிச்சோம்னு எழுதினாலும், காலைலயே தந்தி போயிருக்குல்ல." எங்கள் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். பிற்பாடு யாரும் திருத்த முடியாத இடத்தில், நேரத்தோடு, ஒரு வரி. அதைத்தான் நான் பதினைந்து வருடமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.

பதினொரு மணிக்குப் பையனை விட்டுவிட்டார்கள். தந்தியாலா, உண்மையான திருடன் கிடைத்துவிட்டானா என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்றுவிட்டார் அவன் அம்மா. எனக்கு ஜனவரியில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் முடிந்தது.

அக்காவோடு காண்டாக்ட் கிளாஸில் படித்தவர்கள் இப்போது எங்கே என்று ஒருமுறை கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாள். ஒருவர் ஏற்கெனவே போலீஸ், ஒரு பட்டம் கூட இருக்கட்டும் என்று படித்தவர். ஒருவர் பிறகு சட்டம் படித்து மஞ்சக்குப்பத்தில் வக்கீல். ஒரு பெண் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளுக்குத் தணிக்கை போகிறாள். கழிப்பறை எத்தனை, மிகைநேரம் எவ்வளவு, தொழிலாளருக்கு உண்மையில் 18 ஆகிவிட்டதா என்று வெளிநாட்டு வாங்குபவருக்கு அறிக்கை எழுத வேண்டும். இன்னொருவன் ஹைதராபாத்தில், சமூக வலைத்தளம் ஒன்றுக்காக நாள் முழுதும் வன்முறை வீடியோக்களைப் பார்த்து நீக்குகிறான். ஒருவர் மளிகைக் கடை. இரண்டு பேர் கல்யாணமாகி, அதோடு தகவல் இல்லை.

மறுபக்கம், இந்தத் துறையில் நாம் பெயர் சொல்கிறவர்கள் யாரும் இதைப் படித்தவர்கள் இல்லை. ஆந்திராவின் பாலகோபால் கணிதப் பேராசிரியர், பிறகுதான் வக்கீல். திண்டிவனத்தில் இருளர்களுக்காக நின்ற பிரபா கல்விமணி இயற்பியல் பேராசிரியர். 'அப்படியானால் இந்தப் பட்டம் எதற்கு?' என்று பெரியப்பா கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மெக்கானிக்கல் படித்தேன். இன்றுவரை ஒரு கியரைத் தொட்டதில்லை. வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். என் படிப்பும் வேலையும் பொருந்தவில்லை என்று எந்த உறவினரும் வருத்தப்படவில்லை, சம்பளம் பொருந்திவிட்டது.

அக்கா குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆனாள். வருவாய்த் துறை. 'கடைசியில் கவர்மெண்ட் வேலைக்குப் போய்ட்டியே' என்று நான் சொன்னபோது அது பாராட்டா குத்தலா என்று எனக்கே தெரியவில்லை. அவள் மேசைக்கு வரும் மனுக்களில் இருளர் குடும்பங்களின் சாதிச் சான்று மனுக்களும் உண்டு. பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது இல்லாமல் பத்தாவதோடு நின்ற பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. சான்று தருவது அக்கா கையில் இல்லை. அவள் கையில் இருப்பது முத்திரையும் தேதியும். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் 'பெறப்பட்டது' என்று குத்தி, தேதி போட்டு, நகலைக் கையில் கொடுத்துவிடுவாள். "ரசீது இல்லாத மனு, மனுவே இல்லடா," என்பாள். அதனால் எல்லாமும் நடந்துவிடுவதில்லை. பாதி மனுக்கள் அப்படியே கிடக்கின்றன என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்க, அந்தக் குடும்பங்களின் கையில் ஒரு தேதி இருக்கிறது.

பயிற்சி முடித்த அன்று, அந்தப் பிடிஎஃப்பை விளையாட்டாக அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'நானும் மனித உரிமை படிச்சிட்டேன்கா. 20 நிமிஷம்.'

சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து: 'கையெழுத்துலாம் போடணுமா அதுல?'

சாதாரணமாகத்தான் கேட்டாளா, அந்தத் தெருவிளக்கு அவளுக்கும் நினைவிருக்கிறதா என்று யோசித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி நாங்கள் இந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. 'இல்லக்கா, டிக் பண்ணாப் போதும்,' என்று அனுப்பினேன்.

'சரி. ஞாயித்துக்கிழம வர்றியா? ஆறு புள்ளைங்களுக்கு ஆன்லைன்ல சான்றுக்குப் போடணும். ஸ்கேன் பண்ணி ஏத்துறதுக்குள்ள சைட்டு தொங்கிடுது. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவங்க பேர்ல மனுவும் எழுதணும்.'

வர்றேன் என்று அனுப்பியிருக்கிறேன். டிக்கெட் இன்னும் போடவில்லை. இன்று வியாழக்கிழமை.