அவங்க எங்க தூங்குவாங்க?

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன் மக்களே. எனக்கு நீச்சல் தெரியாது. எங்க ஊர் திருநாவலூர். கெடிலம் ஆத்தங்கரை ஊர்தான், ஆனா வருஷத்துல பெரும்பாலான நாள் ஆத்துல மணலைத்தான் பார்க்கலாம். சுந்தரர் பிறந்த ஊர்னு கோயிலுக்கு ஆள் வருவாங்க. கப்பல் பார்க்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை.

அப்படிப்பட்ட நான் ஐந்தாவது செமஸ்டர் டெக்னிக்கல் செமினாருக்கு எடுத்த தலைப்பு, 'பெருங்கடல் பயணத்துக்கான சொகுசுப் பாய்மரப் படகு'. தலைப்பைப் படிச்சதும் கிளாஸ் மொத்தமும் சிரிச்சது. "பஸ்ஸுக்கே பாஸ் எடுத்துட்டு வர்ற, உனக்கு யாட் கேக்குதா?"ன்னு பின் பெஞ்ச்ல இருந்து ஒரு குரல். நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய?

இந்தத் தலைப்பு எனக்கு எப்படி வந்ததுன்னு சொல்றேன். 2025 மே 29. லீவுல வீட்டுல டிவி பார்த்துக்கிட்டிருந்தேன். கோவாவில் ஒரு பாய்மரப் படகு கரைக்கு வருது. பெயர் ஐ.என்.எஸ்.வி. தாரிணி. உள்ளே இருந்தது இந்தியக் கடற்படையின் இரண்டே இரண்டு பெண் அதிகாரிகள். கேரளத்தின் தில்னா, இன்னொருத்தர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2-ந் தேதி கிளம்பி, ஃப்ரீமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நாலு துறைமுகத்தில் மட்டும் நின்று, எட்டு மாதத்தில் உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார்கள். 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நீங்களே பெருக்கிப் பாருங்க.

புதுச்சேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். நாங்க துணி எடுக்கப் போற ஊர்ல இருந்து ஒரு அக்கா பாயைக் கட்டிக்கிட்டு உலகம் சுத்திட்டு வந்துட்டாங்க! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

தேட ஆரம்பிச்சதும் முதல் ஆச்சரியம் வந்தது. தாரிணி போருக்காக வடிவமைச்ச படகு இல்லை. கோவாவின் அக்வேரியஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 2017-ல் கடற்படையில் சேர்ந்த 56 அடிப் படகு. வடிவம் நெதர்லாந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனத்தோட 'டோங்கா 56'. நீண்ட கடல் பயணம் போறவங்களுக்காக வரைஞ்ச டிசைன் அது. அதே வடிவத்தில் அதே இடத்தில் முன்பு கட்டிய அக்கா படகு மாதேயி. அதில்தான் 2009-10-ல் திலீப் தோண்டே தனியாக உலகம் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். 2012-13-ல் அபிலாஷ் டோமி எங்கேயும் நிற்காமலே சுற்றினார். 2017-18-ல் தாரிணியில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் சுற்றினார்கள்.

இந்த வகைப் படகுகளுக்குப் பணக்காரச் சொந்தக்காரங்களும் உண்டு. பிரிட்டனின் ஆய்ஸ்டர், ஸ்வீடனின் ஹால்பெர்க்-ராஸி, பிரான்ஸின் அமெல். எல்லாம் கோடிகளில் விலை. ஹால்பெர்க்-ராஸியில் ஓட்டுற இடத்துக்கு முன்னாடி நிலையான கண்ணாடித் தடுப்பு இருக்கும். அமெல்லில் பட்டனை அழுத்தினாலே மோட்டார் பாயைச் சுருட்டிடும். உள்ளே மெத்தை, அடுப்படி, குளியலறை.

நம்ம பாடத்துக்கு வருவோம். இவ்வளவு உயரப் பாயில் காத்து அடிச்சா படகு ஏன் கவிழலை? தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை தெரியும்ல? எப்படித் தள்ளினாலும் எழுந்து நிக்கும். கனம் எல்லாம் அடியில இருக்கு. இங்கேயும் அதே கதைதான். படகின் அடியில் துடுப்பு மாதிரி நீளும் கீல். அதில் டன் கணக்கில் ஈயம். படகு சாயச் சாய அந்த எடை ஒரு பக்கமா விலகி நிமிர்த்தும் திருப்புவிசை கூடும்.

வேகம்? சாதாரணப் படகு தான் எழுப்புற அலைக்குள்ளேயே மாட்டிக்கும். தண்ணீரைத் தொடுற நீளத்தை அடியில் எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினா, தோராயமான உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட். 50 அடிக்கு 9.5 நாட். அதனாலதான் நீளமான படகு வேகமான படகு. 9.5 நாட் என்றால் மணிக்கு 17, 18 கிலோமீட்டர். நம்ம சைக்கிள் வேகம்தான், சிரிக்காதீங்க.

இதையெல்லாம் வெச்சு 22 ஸ்லைடு போட்டேன். நேரம் பத்தலைன்னு உள் அமைப்பு ஸ்லைடு மூணையும் தூக்கிட்டேன். படுக்கை, அடுப்பு, திரைச்சீலை... அதுல என்ன இன்ஜினியரிங் இருக்குன்னு நினைச்சேன்.

செமினாருக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். லேப்டாப்ல அப்பாவுக்குப் போட்டுக் காமிச்சேன். கீலுக்குத் தலையாட்டினார். வர்க்கமூலத்துக்கும் தலையாட்டினார். எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம் பாப்பா, ரெண்டு பொண்ணுங்க மட்டும்தானே போனாங்க. அவங்க எங்க தூங்குவாங்க?"

எங்க அப்பா பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினவர். நான் பத்தாவது படிக்கும்போது, ரெண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டிட்டு வந்து, விடியற்காலையில் கண் அசந்து, நடுத்தடுப்புல ஏத்திட்டார். வேற யாருக்கும் அடி இல்லை. அப்பாவுக்கு வலது கால் ரெண்டு இடத்தில் முறிஞ்சது. ஆஸ்பத்திரிக்கு வந்த லாரி ஓனர், "தூங்கிட்டு ஓட்டினா வேற என்ன ஆகும்?"னு கேட்டுட்டுப் போனார். அப்பா ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறமும் அதைப் பத்திப் பேசினதில்லை. தன் தப்புன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சுக்கிட்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமா இருக்கு.

தூக்கிப் போட்ட மூணு ஸ்லைடையும் திரும்ப எடுத்துக் காமிச்சேன்.

படுக்கையோட ஓரத்துல ஒரு துணித் தடுப்பை மேலே இழுத்துக் கட்டிடுவாங்க, தூளி மாதிரி. படகு சாஞ்சாலும் தூங்குற ஆள் உருண்டு விழ மாட்டார். படுக்கையைப் படகின் நடுப்பகுதிக்குப் பக்கமா வைப்பாங்க, அங்கேதான் ஆட்டம் குறைவு. அடுப்பு ரெண்டு பக்கமும் அச்சில் தொங்கும், படகு எந்தப் பக்கம் சாஞ்சாலும் பாத்திரம் நேரா நிக்கும். காத்தையோ திசையையோ பிடிச்சுக்கிட்டு தானே சுக்கானைத் திருப்புற கருவி உண்டு. படகு எவ்வளவு மென்மையா ஆடும்னு கணக்கிட டெட் ப்ரூவர் என்கிற வடிவமைப்பாளர் ஒரு சூத்திரமே போட்டிருக்கார். எடை கூடினா ஆட்டம் நிதானமாகும், அகலம் கூடினா வெடுக் வெடுக்னு ஆடும்.

அப்பா ரொம்ப நேரம் அந்தத் துணித் தடுப்புப் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு டிரைவர் போட்டா மட்டும் பத்தாது பாப்பா. ஒருத்தன் ஓட்டும்போது இன்னொருத்தன் ஒழுங்கா தூங்கணும். என் வண்டியில சீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகை. கீழே இன்ஜின் சூடு. அதுல படுத்தா தூக்கம் வராது, முதுகு வலிதான் வரும்."

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு படகு பகல் 12 மணி நேரம் 10 நாட் வேகத்தில் பறக்குது. ராத்திரி ஆட்கள் சோர்ந்து போய் பாயைக் குறைச்சு 4 நாட்ல போகுது. ஒரு நாளைக்கு 168 கடல் மைல். இன்னொரு படகு இருபத்தி நாலு மணி நேரமும் அலட்டிக்காம 8 நாட். 192 கடல் மைல். உச்ச வேகம் குறைந்த படகுதான் முதலில் போய்ச் சேருது, ஏன்னா அதில் இருக்கிறவங்க தூங்கியிருக்காங்க. தாரிணி பாயிண்ட் நீமோ பக்கம் போனப்போ கரை எந்தத் திசையிலும் சுமார் 2,700 கிலோமீட்டர். அங்கே தூங்காத கண் ஒரு கயிறைத் தப்பாக் கட்டினா, ஓடி வந்து உதவ யாரும் இல்லை.

செமினார்ல முதல் ஸ்லைடை மாத்தினேன். பாய் விரிச்ச படகுக்குப் பதிலா அந்தப் படுக்கை. "இது சொகுசுப் பொருள் இல்லை, பாதுகாப்புக் கருவி"ன்னு ஆரம்பிச்சேன். யாரும் சிரிக்கலை. கடைசியில் லாரி கேபினையும் சேர்த்துக்கிட்டேன். நம்ம நாட்டுல நடுத்தர, கனரக லாரிகளோட டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம்ங்கிற விதி 2025-லதான் நடைமுறைக்கு வந்திருக்கு, அதுவும் புது வண்டிகளுக்கு மட்டும். பின் பெஞ்ச்ல சிரிச்ச அதே பையன் முடிஞ்சதும் வந்து, "எங்க மாமாவும் டிரைவர்தான்"னு சொல்லிட்டுப் போனான்.

மார்க் 50-க்கு 41. வர்க்கமூலத்தை இன்னும் விளக்கியிருக்கலாமாம்.

அப்பா இப்போ ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுறார், காலை ரெண்டு டிரிப், சாயங்காலம் ரெண்டு டிரிப். போன்ல செமினார் கதையைச் சொன்னேன். நாத்தாங்கால்ல தண்ணி பாயுற சத்தம் கேட்டுச்சு, அவர் சத்தம் கேக்கலை. "அப்போ தப்பு முழுசா என்னோடது இல்லையா?"ன்னு கொஞ்சம் நேரம் கழிச்சுக் கேட்டார். "இல்லப்பா"ன்னு சொன்னேன். அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

உங்களில் பாதிப் பேர் அடுத்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் எடுப்பீங்க. இ-பைக், ட்ரோன், அறுவடை மிஷின், எதுவா வேணா இருக்கட்டும். மோட்டாரை செலக்ட் பண்றதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு ஆளை வரைங்க. அவர் எங்க உட்காருவார், எத்தனை மணி நேரம், எப்போ தூங்குவார்னு பக்கத்துலயே எழுதுங்க. அப்புறம் மத்த கணக்கைப் போடுங்க.