வெயிலின் விலை

தில்லிக்காரர்களுக்கு டிசம்பர் வெயில் ஒரு சொத்து. பனிமூட்டம் விலகி, பதினொரு மணிவாக்கில் அது எட்டிப் பார்த்ததும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு புல்வெளிக்குக் கிளம்பிவிடுவார்கள். அரைப்பரீட்சை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் தம்பி மகனுக்கு இது பெரிய வேடிக்கை. அவன் ஊரில் வெயிலைக் கண்டால் நிழலில் ஒதுங்குவார்கள். அவனையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு புராணா கிலாவை ஒட்டியிருக்கும் மிருகக்காட்சி சாலைக்குப் போனேன்.

மகள் ஏழாம் வகுப்பு. விடுமுறை முடிவதற்குள் சூரிய சக்தி பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ‘இலவசமானது, தூய்மையானது, தீராதது’ என்று எழுதிவிட்டு அதற்கு மேல் நகராமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று சொற்களும் எனக்கு நெடுநாள் பழக்கம். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட எனக்கு, அவற்றைத் தமிழாக்க அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

முதலை கரையில் அசையாமல் கிடந்தது. “பொம்மையா அத்தை?” என்றான் பையன். பொம்மையில்லை, வெயில் வாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். முதலையின் உடம்பு நம்முடையதைப் போலத் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலில் கிடந்துதான் சேர்த்துக்கொள்கிறது. சூட்டுக்காகத் தின்றதைச் செலவழிக்க வேண்டாம் என்பதால், வாரக்கணக்கில் இரையில்லாமலும் அதனால் இருக்க முடிகிறது. “அப்ப சார்ஜ் ஏறுது” என்று அவன் முடித்துவிட்டான். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

மான்களிடம் வந்தபோது மகள் கணக்குப் போட ஆரம்பித்தாள். புல் வெயிலைச் சேமிக்கிறது, மான் புல்லைத் தின்கிறது, காட்டில் புலி மானைத் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போய்ச் சேரும். மீதி ஓட்டத்திலும் மூச்சிலும் சூட்டிலும் கரைந்துவிடும். காட்டில் மான்கள் நிறைய, புலிகள் கொஞ்சம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பயிர்பச்சைகள் பொதுவாகத் தங்கள் மேல் விழும் வெயிலில் ஓரிரு சதவீதத்தைத்தான் சேமிக்கின்றன. இன்று மொட்டைமாடிகளில் பொருத்தப்படும் சிலிக்கன் தகடுகளோ சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்கிவிடுகின்றன. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்து காட்டிய மின்கலத்தின் திறன் 6 சதவீதம்தான். இந்த ஒப்பீடு மகளுக்குப் பிடித்துவிட்டது, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

குளத்தின் நடுவிலிருந்த மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் அடைந்திருந்தன. “இது எங்க கூந்தன்குளத்துக்கும் வரும்!” என்று பையன் துள்ளினான். இவற்றை யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆண்டுதோறும் மழைக்காலத்தின் முடிவில் தாமாக வந்து கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டுப் போய்விடுகின்றன. ஒரு நாரை சுவரைத் தாண்டி வெளியே பறந்தது. அது போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்ற பையன் கேட்டான்: “கரண்ட் கம்பியில அடிபடாதா அத்தை?”

அடிபடும். அதிலும் கானமயில் அதிகம் அடிபடுகிறது. 15 கிலோ வரை எடையுள்ள அந்தப் பறவைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கம்பி கண்ணில் படும்போது, அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. இன்று உலகில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் வாழ்கின்றன. வெயிலுக்கும் காலி நிலத்துக்கும் பஞ்சமில்லாத அதே தார் பாலைவனத்தில்தான் 2,245 மெகாவாட் திறன் கொண்ட பட்லா சூரிய மின் பூங்காவும் இருக்கிறது. பாலைவனத்தில் பிறக்கும் மின்சாரம் நகரங்களுக்கு வர, கம்பிகள் வேண்டும்.

கானமயிலின் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்கும்படி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, பறவையையும் காப்பாற்ற வேண்டும், பருவநிலை மாற்றத்தையும் எதிர்கொள்ள வேண்டும் என்று சொல்லி, வழி காண நிபுணர் குழுவை அமைத்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமே திணறிய கேள்வியைத்தான் எட்டு வயதுப் பையன் கேட்டிருந்தான்.

“அப்போ சோலார் வேண்டாமா?” என்றாள் மகள், நோட்டை மூடிக்கொண்டு. வேண்டும். நிலக்கரிப் புகையும் சாம்பலும் செய்வதை, குளிர்காலத்துத் தில்லியில் மூச்சு விடுகிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2014இல் 3 கிகாவாட்டுக்கும் குறைவாக இருந்த நம் சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டை எட்டியது மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் வெயில்தான் இலவசம். அதைப் பிடிக்கிற தகடுக்கும், தாங்குகிற நிலத்துக்கும், கொண்டுவருகிற கம்பிக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர்களுக்கு அது புரியும். மனம் ஒடிந்துவிட மாட்டார்கள்.

கொஞ்சம் குறைந்த விலையில் முடிகிற வழியும் உண்டு. வீட்டு மாடியில் பிறந்து அந்த வீட்டிலேயே செலவாகும் மின்சாரத்துக்குப் பாலைவனத்தைத் தாண்டும் கம்பி தேவையில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, ரூ.78,000 வரை மானியம் தருகிறது. தனி வீட்டுக்கு இது சுலபம். எங்களைப் போன்ற அடுக்குமாடிவாசிகளுக்கு மொட்டைமாடி பொதுச் சொத்து. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கீழ்த்தளத்தாரின் ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் அங்கே பங்கு உண்டு. இரண்டு முறை கூட்டத்தில் பேச்செடுத்தார்கள். இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று.

மகளின் கட்டுரையில் ‘தூய்மையானது’ இன்னும் இருக்கிறது. அதன் கீழே கானமயிலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாள். அடுத்த கூட்டத்துக்கு அவளும் வருவாளாம். வரட்டும்.