சோமனூர் வாசலில் ஒரு விடியற்காலை

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் நாங்கள் குடும்பத்தோடு சோமனூருக்குப் புறப்பட்டோம். கோவையிலிருந்து அவிநாசி சாலையில் கிழக்கே சென்று, கருமத்தம்பட்டியில் ஜெபமாலை அன்னையின் ஆலயத்தை வணங்கிவிட்டுத் தெற்கே திரும்பினால், சிறிது நேரத்தில் சோமனூர் வந்துவிடும். இரயிலில் வருவோருக்குக் கோவை-திருப்பூர் பாதையில் இவ்வூருக்கென ஒரு நிலையமும் உண்டு. ஊர் கண்ணில் படுமுன்னரே அதன் ஓசை காதில் விழுந்துவிடுகிறது. சந்துதோறும் விசைத்தறிகள், இரவும் பகலும் ஓயாத ஓட்டம்.

எங்கள் அத்தை வீட்டிலும் தறிகள் உண்டு. வியாபாரி தரும் பாவையும் நூலையும் கொண்டு கூலிக்குக் காடா துணி நெய்து கொடுக்கிறார்கள். பாவில் ஓர் இழை அறுந்து கவனியாது விட்டால் துணியில் கோடு விழும். குறையுள்ள துணிக்குக் கூலியில் பிடித்தம். ஆகவே அத்தையின் கண்கள் நாள் முழுவதும் குறையையே தேடிக்கொண்டிருக்கும்.

எங்களுடன் வந்த மகளுக்கு வயது பதின்மூன்று. நன்றாகப் படம் வரைவாள். அல்ல, வரைந்து கொண்டிருந்தாள். ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றதிலிருந்து அவள் கை தயங்கத் தொடங்கிற்று. ஒரு கோட்டைப் பத்து முறை அழிப்பாள், தாள் ஓட்டையாகும், கிழித்தெறிந்துவிட்டு அழுவாள். மூன்று திங்களாகப் பென்சிலைத் தொடவேயில்லை. இக்கவலையைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் அவ்வூருக்குச் சென்றோம்.

மறுநாள் பனி விலகாத வேளையில் அத்தை வாசல் கூட்டி, சாணி கரைத்துத் தெளித்து, கோலப்பொடியோடு அமர்ந்தார். போர்வையைப் போர்த்திக்கொண்டு மகளும் அருகே நின்றாள். நடுவரிசையில் ஏழு புள்ளி. இருபுறமும் ஊடுபுள்ளியாக ஆறு, ஐந்து, நான்கு. ஆக 37 புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்து நெளிந்து, புறப்பட்ட இடத்திற்கே கோடு வந்து சேரவேண்டும். இதுவே சிக்குக் கோலம்.

கோலப்பொடிக்கு ஓர் இயல்பு உண்டு. கை விரைந்தால் கோடு மெலிந்து அறும். தயங்கி நின்றால் பொடி குவியும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடி சீராக ஒழுக, கை ஒரே நிதானத்தில் செல்லவேண்டும். வேறு நினைவுக்கு அங்கே இடமில்லை. தறிக்கூடத்தின் இரைச்சல் நடுவிலும் அத்தையின் முகத்தில் அப்போது கண்ட அமைதியை நாங்கள் வேறு எவ்வேளையிலும் கண்டதில்லை.

மகளிடமும் ஒரு பிடி பொடி தரப்பட்டது. சிறிது தூரம் சென்றதும் கோடு ஒரு புள்ளியின் தவறான பக்கம் வளைந்துவிட்டது. அவள் முகம் வாடிற்று. அழிக்கக் கை நீட்டினாள். அத்தை தடுத்தார்.

"அழிக்காதே கண்ணு. இந்தப் பக்கம் பிசகினா, அந்தப் பக்கமும் அதே மாதிரி பிசகிரு. அப்புறம் அதுதான் கோலம்."

அவ்வாறே செய்தாள். பிழையாயிருந்தது அழகிய கண்ணியாயிற்று. மகள் சிரித்தாள்.

கோலத்தை எளிய பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் அறிஞர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலங்களின் அமைப்பைக் கணினி இலக்கணத்தின் வழியே ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டனர். அத்துணைக் கணிதம் அடங்கிய கலையை நம் தாய்மார்கள் மதிப்பெண்ணோ பரிசோ கருதாமல் நாள்தோறும் வாசலில் இட்டு வருகின்றனர். அரிசி மாவினால் இட்டால் எறும்புக்கும் உணவாகும்.

காலை ஒன்பது மணிக்குள் பால்காரரின் வண்டி ஒரு வரிசையை அழித்தது. நூல் மூட்டை ஏற்றி வந்த வேன் மீதியையும் கொண்டு போயிற்று. மகள் பதறினாள். அத்தையோ, "நாளைக்கும் வாசல் இருக்குது கண்ணு" என்று கூறித் தறிக்குச் சென்றார். கூலி உயர்வு கேட்டு 2022-இல் இப்பகுதித் தறிகள் பல வாரம் நின்றபோதும், வாசற்கோலம் ஒருநாளும் நிற்கவில்லையாம். துணியைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க ஆள் உண்டு. கோலத்திற்கு அத்தகைய ஆள் இல்லை. அவர் விடியலில் இளைப்பாறும் இடம் அது ஒன்றே.

அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மகள் இரண்டாம் பரிசோடு வீடு வந்த அன்று, "முதல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே. துணியைச் சோதிப்பவர் கண்ணோடு பிள்ளையைப் பார்த்திருக்கிறோம்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இவ்வாறு வாடும் பிள்ளை இருக்கக்கூடும். ஒரு பொட்டலம் கோலப்பொடி வாங்கிக் கொடுங்கள். மூன்று புள்ளி, மூன்று வரிசை போதும். மகனாயினும் மகளாயினும் இடட்டும். திருத்த வேண்டாம், அயலார் கோலத்தோடு ஒப்பிடவும் வேண்டாம்.

ஊர் திரும்பிய மறுநாள் எங்கள் வாசலில் ஒரு சிறு கோலம் கிடந்தது. ஒரு கோடு கோணியிருந்தது. சொல்ல வாயெடுத்தோம். பிறகு ஒன்றும் சொல்லாமல், அதை மிதியாது ஒதுங்கிப் பால் வாங்கச் சென்றோம்.